இளையோரும் கருத்தடையும்

1935-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில், அமெரிக்க நாட்டு மார்கரெட் சாங்கர் அம்மையார் கர்ப்பத்தடையின் அவசியத்தை எடுத்துரைத்தார். கிறிஸ்தவப் பெண்களுள் சிலர் வன்மையாய் மறுத்தும் அதனை ஆதரிக்கும் தீர்மானம் நிறைவேறிற்று. கருங்கல் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தமையால், அவ்வாதம் நம் தலைநகரிலேயே நிகழ்ந்ததெனலாம். அதே மாதம் வார்தாவில் அவ்வம்மையாரைச் சந்தித்த காந்தியடிகளோ, புலனடக்கமே தக்க வழியென்றார். ஆயினும் இரு திறத்தாரும் மனத்திற் கொண்டது பல மக்களைப் பெற்றுத் தளர்ந்த தாயையே. பதினேழு, பதினெட்டு வயதினரை அன்று. அவர்கள் நிலையை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் மணமானோர். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 13 பேர் 18 வயது நிரம்புமுன் மணம் செய்விக்கப்பட்டவர்கள். அரசாங்கம் 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், நம் நாட்டில் பெண்களுக்குச் செய்யும் அறுவையே பெருவழக்காயிற்று. ஆதலின் கருத்தடை யென்றாலே இரு பிள்ளைகளுக்குப்பின் செய்யும் 'ஆபரேஷன்' என்பது மக்கள் துணிபு. முதற் பிள்ளையைத் தள்ளிப்போட விரும்பும் இளம் பெண்ணுக்கு அவ்வெண்ணத்தில் இடமேயில்லை. மணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று வினவும் உற்றாரும் ஒரு தடையே, அவ்வினா கணவனை நோக்கி எழுவதில்லை யென்பதையும் கவனிக்க. மாத்திரை உண்டால் மலடாவாள் என்னும் அச்சம் மற்றொன்று. இது மெய்யன்று. மாத்திரையை நிறுத்தியதும் கருத்தரிக்கும் ஆற்றல் மீளும். மூன்று மாதத்துக்கொருமுறை இடும் 'அந்தரா' ஊசிக்கு மட்டும் சில மாதம் தாமதமாகலாம். வயது இளமை என்பது ஒன்றே காரணமாக எம்முறையும் விலக்கத்தக்க தன்றென்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

மணமாகாதோர் நிலை இதனினும் இடர் மிக்கது. சிற்றூர்க் கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரர் தகப்பனாரையும் அறிவார், கோயிலாரையும் அறிவார். அவரிடம் ஆணுறை கேட்க எவ்விளைஞன் துணிவான்? அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டின்றியே விற்கலாமென விதியிருந்தும், தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அது கிடைப்பது அருமை. 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டிய மருந்து அது. தாமதிக்குந்தோறும் பயன் குறையும்.

நிற்க. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் இசைவை இசைவாகக் கொள்வதில்லை. குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்கு அறிவித்தல் கடமை. சிறாரைக் கொடியோரிடமிருந்து காக்க எழுந்த நற்சட்டமே அது. எனினும் ஒத்த வயதினனோடு பழகிய பெண், வழக்குக்கு அஞ்சி மருத்துவரை அணுகாதிருக்கிறாள். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடும் சிறுமியும் அவள் காப்பாளரும் வேண்டின், மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டுவதில்லை யெனத் தீர்ப்பளித்தது. கருவுற்றபின் கிட்டும் இவ்வடைக்கலம், கருவுறாமற் காக்கும் யோசனை கேட்க வருபவளுக்கும் வேண்டுமென்பது எம் கருத்து.

பள்ளிக்கூடமோ? பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் நூலில் கருத்தடை முறைகள் விளக்கப்பட்டே உள்ளன. "வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏடு புரட்டும் ஆசிரியரும் உளர். வணிகவியல் பயில்வோர் கையில் அந்நூலும் வருவதில்லை.