எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதியில் ஆப்பிள் கட்சி, ஆண்ட்ராய்டு கட்சி என்று பிரிந்து ராத்திரி ஒரு மணி வரை மல்லுக்கட்டுகிறீர்களாமே! கூகுள் தன் நிரலை ஊருக்கே திறந்து வைத்திருக்கிறது, ஆப்பிள் பூட்டி வைத்திருக்கிறது, ஆகவே கூகுள்தான் நல்ல கம்பெனி என்று நீ வாதாடியிருக்கிறாய். மாமா தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறாய். மென்பொருள் ஒப்பந்தங்களோடு மாரடித்தே தலை நரைத்தவனிடம் கேட்டிருக்கிறாய், எனவே பதில் நீளமாகத்தான் வரும்.

கம்பெனிகளுக்கு மனசாட்சி உண்டா என்று எனக்குத் தெரியாது. அவை போடும் ஒப்பந்தங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். விளம்பரத்தில் என்ன சொன்னாலும், யாருக்கு என்ன உரிமை, யார் கையை எது கட்டுகிறது என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. நான் ஒரு கம்பெனியை எடைபோட அங்கேதான் தொடங்குவேன்.

உன் போனை எடு. அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் சட்டத் தகவல் என்று ஒன்று இருக்கும். அதற்குள் திறமூல உரிமங்களின் பட்டியல், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். யாரும் படிப்பதில்லை. அதில் ஜிபிஎல், அப்பாச்சி என்ற இரண்டு பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ஆண்ட்ராய்டு எவ்வளவு திறந்தது என்ற உங்கள் சண்டைக்குப் பாதி விடை இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடி வன்பொருளை நிர்வகிக்கும் நிரல் லினக்ஸ் கெர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த அந்த உரிமம் சொல்வது இதுதான்: எடுத்துக்கொள், மாற்று, காசுக்கு விற்கவும் செய். ஆனால் உன்னிடம் வாங்குகிறவருக்கு, நீ மாற்றியதன் மூலநிரலையும் கொடு. கையோடு கொடுக்காவிட்டால், கேட்டால் தருகிறேன் என்று குறைந்தது 3 ஆண்டுக்குச் செல்லுபடியாகும் எழுத்துறுதி கொடு. கொடுக்காதவருக்கு உரிமமே பறிபோகும்.

கெர்னலுக்கு மேலே கூகுள் கட்டிய அடுக்குகளில் பெரும்பாலானவை அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகின்றன. மாற்றியதைத் திருப்பிக் கொடு என்ற கடமை அதில் கிடையாது. போன் தயாரிப்பாளர்கள் தங்கள் வேலைப்பாட்டை மூடி வைத்துக்கொள்ளத்தான் விரும்புவார்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்த உரிமம் அது. லினக்ஸ் உலகில் புழங்கும் வழக்கமான சி நூலகத்தைக்கூட விட்டுவிட்டு, பயோனிக் என்று தனியாக ஒன்றை எழுதிக்கொண்டார்கள். மேலடுக்கில் ஜிபிஎல் வகையறா வாடையே வரக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம்.

இதனால் உனக்கு என்ன என்கிறாயா? உன் அம்மாவின் பழைய போனுக்கு அப்டேட் நின்றுபோனது ஏன் என்று யோசித்துப் பார். போன் உடையவில்லை, பேட்டரியும் ஓரளவு தாங்குகிறது. ஆனால் சிப் தயாரித்த கம்பெனி, கேமராவையும் மோடத்தையும் இயக்கும் டிரைவர்களை மூடிய கோப்புகளாகத்தான் போன் கம்பெனிக்குக் கொடுத்திருக்கும். புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப அவற்றைத் திருத்துவதைச் சிப் கம்பெனி நிறுத்திவிட்டால், போன் கம்பெனி நினைத்தாலும் சுலபமாக எதுவும் செய்ய முடியாது. பெரும்பாலும் நினைப்பதும் இல்லை. புதுப் போன் விற்பதுதானே அவர்கள் தொழில். நெதர்லாந்தின் ஃபேர்போன் சின்னக் கம்பெனி. 2015இல் விற்பனைக்கு வந்த அதன் இரண்டாவது போனின் சிப்புக்குக் குவால்காம் ஆதரவை நிறுத்திய பிறகும், தாங்களே முயன்று ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்து, 2023 வரை அப்டேட் கொடுத்தார்கள். மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. கைவிடப்பட்ட போன்களுக்கு லீனியேஜ் ஓஎஸ் போன்ற மாற்று ஆண்ட்ராய்டுகளைத் தன்னார்வலர்கள் இன்றும் ஏற்றித்தர முடிகிறதென்றால், அதற்குப் பெரிய கை கொடுப்பது ஜிபிஎல் கட்டாயத்தால் வெளிவரும் கெர்னல் நிரல்.

அந்தக் கட்டாயத்தையும் ஏய்த்தவர்கள் உண்டு. போனை விற்றுவிட்டு, கெர்னல் நிரலை மாதக்கணக்கில் கொடுக்காமல் இழுத்தடித்த பெயர் ஒரு காலத்தில் எச்டிசிக்கு இருந்தது. ஹரால்ட் வெல்டே என்ற ஜெர்மன் நிரலாளர் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார். 2004இல் ஒரு ரௌட்டர் கம்பெனிக்கு எதிராக மியூனிக் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார். ஜிபிஎல் வெறும் வேண்டுகோள் இல்லை, நீதிமன்றத்தில் நிற்கும் என்று அதன் பிறகுதான் பல கம்பெனிகளுக்கு உறைத்தது.

சரி, ஆண்ட்ராய்டின் நிரல் திறந்திருக்கிறது என்று நீ சொன்னது உண்மைதான். கிணறு ஊர்ப் பொது. வாளியும் கயிறும் ஒரு வீட்டில் இருக்கின்றன. பிளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப், இன்னும் எத்தனையோ ஆப்கள் உள்ளுக்குள் நம்பியிருக்கும் பிளே சர்வீசஸ் எதுவும் திறந்த நிரலில் வராது. அவற்றுக்குத் தனி ஒப்பந்தம். சாம்சங், எச்டிசி ஆகியவற்றோடு கூகுள் போட்ட ஒப்பந்தங்கள், கூகுள் மீது ஆரக்கிள் தொடுத்த வழக்கின் வழியாக 2014இல் வெளியே வந்தன. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற ஆப்களையும் சேர்த்தே ஏற்ற வேண்டும், தேடுபொறி கூகுளாகவே இருக்க வேண்டும், முகப்புத் திரையில் இன்ன இடத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது: கூகுள் ஏற்காத மாற்று ஆண்ட்ராய்டில் ஓடும் ஒரு போனைக்கூட நீ தயாரிக்கக் கூடாது. 2012 செப்டம்பரில் ஏசர், அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் ஒரு போனை அறிமுகப்படுத்த இருந்தது. கடைசி நேரத்தில் விழா ரத்தானது. கூகுள் மிரட்டியது என்றது அலிபாபா. ஏசர் எங்கள் ஆண்ட்ராய்டுக் கூட்டணிக்குக் கொடுத்த வாக்கை நினைவூட்டினோம் என்கிற தொனியில் இருந்தது கூகுளின் விளக்கம்.

கூகுள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஆண்ட்ராய்டை வெட்டி ஒட்டினால், நீ எழுதும் ஆப் ஒரு போனில் ஓடும், அடுத்ததில் படுத்துவிடும். யாராவது ஒருவர் ஒழுங்கு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆப் ஒழுங்காக ஓடுவதற்கும், தேடுபொறி யாருடையது என்பதற்கும் என்ன சம்பந்தம்? ஐரோப்பிய ஆணையம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டு, 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது. ஆனால் குற்றச்சாட்டுகளின் பெரும்பகுதியை ஏற்றது.

நம் நாட்டில் நடந்தது உனக்கு இன்னும் சுவாரசியமாக இருக்கும். போட்டி ஆணையத்தில் கூகுள் மீது புகார் கொடுத்தது ஏதோ பெரிய கம்பெனி என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொடுத்தவர்கள் இரண்டு இளம் ஆராய்ச்சி உதவியாளர்களும் ஒரு சட்டக் கல்லூரி மாணவரும். உன்னைவிடச் சில வயது மூத்தவர்களாக இருந்திருப்பார்கள். அந்தப் புகார் வளர்ந்து 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தில் முடிந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில உத்தரவுகளை நீக்கியது, அபராதத்தை நிறுத்தவில்லை. எந்தெந்தக் கூகுள் ஆப்களை ஏற்றுவது என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க, இந்தியாவில் விற்கும் போன் கம்பெனிகளுக்கு 2023 தொடக்கத்தில் கூகுள் வழிவிட்டது.

கயிறு கையில் இருப்பதன் பலம் 2019இல் ஹுவாவெய்க்குப் புரிந்தது. அமெரிக்க அரசு தடைப் பட்டியலில் போட்டதும் கூகுள் விலகியது. திறந்த நிரலை ஹுவாவெய் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் பிளே ஸ்டோர் இல்லாத போனைச் சீனாவுக்கு வெளியே வாங்க ஆளில்லை. 2025இல் ஆண்ட்ராய்டின் வளர்ச்சி வேலை முழுவதையும் கூகுள் உள்ளுக்குள்ளேயே செய்யத் தொடங்கி, பதிப்பு வெளிவரும்போது மட்டும் நிரலைத் தருவதாக மாற்றிக்கொண்டது. அப்பாச்சி உரிமத்தில் அதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை.

ஆப்பிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது திறந்தவன் வேஷம் போடுவதில்லை. விஎல்சி பிளேயர் ஜிபிஎல் நிரல். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் நிபந்தனைகள் அந்த உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை என்று விஎல்சியை எழுதியவர்களில் ஒருவரே ஆட்சேபிக்க, 2011 ஜனவரியில் அது கடையிலிருந்து இறங்கியது. பழைய ஐபோன்களை மென்பொருளால் வேகம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த போன் திடீரென்று அணைந்துபோகாமலிருக்க என்று காரணம் சொன்னது. காரணம் நியாயமாகவே இருக்கட்டும், வாங்கியவரிடம் ஏன் சொல்லவில்லை? பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது அந்தச் சொல்லாமைக்குத்தான்.

இதெல்லாம் வக்கீல்களும் புரோகிராமர்களும் பேசிக்கொள்ளும் சமாச்சாரம் என்று தோன்றினால், ஸ்ரீபெரும்புதூரில் போய்க் கேள். 2006இல் நோக்கியா அங்கே ஆலை திறந்தது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்த கையோடு வந்த கிராமத்துப் பெண்பிள்ளைகள். அங்கே பூட்டி முடித்த போன்களில் ஏற்றிய மென்பொருளுக்காக, நோக்கியா இந்தியா ஃபின்லாந்திலிருந்த தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பிவந்தது. அது சரக்குக்குக் கொடுத்த விலையா, பதிப்புரிமைக்குக் கொடுத்த ராயல்டியா? விலை என்றது கம்பெனி. 2013இல் வருமான வரித் துறை, ராயல்டிதான், அனுப்பும்போதே வரி பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லி 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. சொத்துகள் முடங்கின. அந்தச் சமயம் பார்த்து நோக்கியா தன் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. ஆலையைக் கைமாற்ற 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் வேண்டும் என்றார்கள். 2014 ஏப்ரலில் வியாபாரம் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது.

வரி வழக்கு மட்டுமே ஆலையை மூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா அதற்குள் தோற்றுவிட்டிருந்தது. மைக்ரோசாஃப்டும் வாங்கிய அடுத்த ஆண்டே 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. ஆனால் ஒரு மென்பொருள் உரிமத்துக்கு என்ன பொருள் என்று இரண்டு பெரிய தரப்புகள் வழக்காடியபோது, அந்த உரிமத்தில் கையெழுத்தே போடாதவர்கள் வேலையை இழந்தார்கள். நோக்கியாவின் வழக்கு 2018இல் இரு நாட்டு அரசுகளும் பேசி முடிந்தது. 2021 மார்ச்சில் வேறு பல கம்பெனிகளின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம், உரிமத்தின்பேரில் மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்குப் பதிப்புரிமை கைமாறுவதில்லை, எனவே அந்தப் பணம் ராயல்டி ஆகாது என்றது. வன்பொருளோடு சேர்த்து விற்கும் மென்பொருளும் அந்த வழக்குகளில் அடக்கம். கணக்குப் பாடத்தில் விடையைப் பின்பக்கத்தில் அச்சடிப்பது போல் ஆலை நின்று ஆறு வருடத்துக்கு மேல் கழித்து அது வந்தது.

இப்போது அதே வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. 2021 டிசம்பரில், அவற்றைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் தொழிலாளர் விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற, தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தன் விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று ஆப்பிள் கண்டுபிடித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சப்ளையர்களுக்கான நடத்தை விதிகள் என்று ஆப்பிளிடம் விரிவான ஆவணம் முன்பே இருந்தது. எழுதிய தாளைச் சரிபார்க்க யாரை எப்போது அனுப்புகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஒரு வரியில் எழுதியிருந்தாயே, பேருந்து நேரம் காட்டும் ஆப் ஒன்று எழுதி கிட்ஹப்பில் போட்டிருப்பதாக. போய்ப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் உரிமக் கோப்பே இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் கணினி நிரலும் ஒரு இலக்கியப் படைப்பு (நாவலாசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்). நீ எதுவும் சொல்லாவிட்டால் எல்லா உரிமையும் உன்னிடமே நிற்கும். பார்க்கலாம், எடுத்து வேறு ஊருக்கு மாற்றிப் பயன்படுத்தச் சட்டப்படி முடியாது. யாரும் எடுக்கட்டும், கம்பெனிக்காரன் எடுத்து மூடிக்கொண்டாலும் கவலையில்லை என்றால் அப்பாச்சியைப் போடு. அந்த நிரலுக்குப் பங்களித்தவர்கள் காப்புரிமை காட்டிப் பின்னால் மிரட்டாதபடி அதில் ஒரு பிரிவும் உண்டு. திருத்தி வெளியிடுகிறவர்கள் நிரலையும் தர வேண்டும் என்றால் ஜிபிஎல். உன் ஆப்பின் பாதி வேலை சர்வரில் நடக்கிறது. சர்வரிலேயே வைத்து ஓட்டுகிறவரை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. அதற்கு ஏஜிபிஎல் வேண்டும். என்னைக் கேட்டால் ஏஜிபிஎல் என்பேன். எதைப் போடுவதாக இருந்தாலும், உன்னோடு சேர்ந்து எழுதிய நண்பர்களிடம் முதலில் கேட்டுவிடு. அவர்கள் எழுதிய வரிகளுக்கு உரிமை அவர்களுடையது. வாட்ஸ்அப்பில் சரி என்று ஒரு வார்த்தை போட்டால்கூடப் போதும், ஆனால் எழுத்தில் வாங்கு.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா