ஊருக்கு ஓர் உக்கிராணம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் திருக்கோயில்களில் மடைப்பள்ளி என்று ஒன்று உண்டு. உக்கிராணம் என்று ஒன்றும் உண்டு. மடைப்பள்ளியில் தளிகையாவதை யாவரும் அறிவர். அத்தளிகைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, நெய், வெல்லம், மிளகு முதலானவை வந்து சேர்ந்து, அளக்கப்பெற்று, பழுதானவை நீக்கப்பெற்று, வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கப்படும் இடம் உக்கிராணம். அதைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆனால் உக்கிராணம் ஒருநாள் பூட்டிக் கிடந்தால் மடைப்பள்ளியில் அடுப்பு எரியாது.

பசி தீர்க்கும் தொண்டும் இவ்வாறே இருவகைப்படும். சமைத்து இலையில் பரிமாறுவது ஒன்று. வீட்டில் சமைத்துக்கொள்ளப் பண்டங்களைக் கொடுப்பது மற்றொன்று. முன்னதைப் பக்வம் என்றும், பின்னதை ஆமம் என்றும் பெரியோர் வழங்குவர். இந்த இரண்டாவது வகைத் தொண்டு அமெரிக்க நாட்டில் ஒரு நகரத்தில் தொடங்கி இன்று அந்நாடு முழுவதும் நடைபெறுகிறது. அது நடைபெறும் முறையைச் சாஸ்திரம் அன்னதானத்திற்கு விதித்த முறையோடு வைத்து ஆராய்வது ஆஸ்திகர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

சாஸ்திரம் விதித்த மூன்று

தைத்திரீய உபநிஷத்தின் ப்ருகுவல்லி, அன்னத்தைப் பற்றிச் சில விரதங்களை விதிக்கிறது. அன்னத்தை இகழலாகாது, அதைப் பெருக்க வேண்டும், தங்க இடம் தேடி வந்தவர் எவரையும் மறுக்கலாகாது என்பன அவற்றுட் சில. அதே உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், வேதம் ஓதி முடித்து இல்லம் திரும்பும் சிஷ்யனுக்கு ஆசார்யன் உபதேசிக்கும் பகுதி ஒன்று உண்டு. கொடுக்கும்போது ச்ரத்தையோடு கொடுக்க வேண்டும் என்பதோடு நில்லாமல், நாணத்தோடும் கொடுக்க வேண்டும் என்று அங்கே கூறப்படுகிறது.

வாங்குபவன் நாணுவது உலக இயல்பு. கொடுப்பவன் நாணுவது எதற்காக? கொடுக்கப்படும் பொருள் உண்மையில் ஸர்வேச்வரனுடையது; தன் கையில் அது சிலகாலம் தங்கியிருந்தது, அவ்வளவே. பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பவன் பெருமை பேச இடமில்லை. மேலும், எத்தனை கொடுத்தாலும் பசித்தோர் இன்னும் இருக்கிறார்கள். இவ்விரண்டையும் எண்ணினால் நாணம் தானே உண்டாகும். கீதையின் 17-ஆம் அத்யாயமும், மதிப்பின்றி இகழ்ந்து கொடுக்கும் தானத்தைத் தாமஸம் என்று ஒதுக்குகிறது.

திருமங்கையாழ்வாரின் சரிதம் மற்றொன்றைக் கற்பிக்கிறது. குமுதவல்லி நாச்சியார் விதித்த நிபந்தனை ஒருநாள் விருந்தன்று; ஓர் ஆண்டுக் காலம் நாள்தோறும் 1,008 வைஷ்ணவர்களுக்கு அமுது செய்விக்க வேண்டும் என்பதே. பசி நாள்தோறும் வருவது. ஆதலால் அதற்கு மருந்தும் நாள்தோறும் வேண்டும்.

ஆக, பெறுபவருக்கு மரியாதை, இடைவிடாமை, தனது என்ற எண்ணமின்மை ஆகிய மூன்றும் அன்னதானத்தின் இலக்கணம் என்று கொள்ளலாம்.

பீனிக்ஸ் நகரத்தில் தோன்றியது

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்துத் தலைநகர் பீனிக்ஸ். அங்கே ஜான் வான் ஹெங்கல் என்பவர், தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின், ஏழைகளுக்கு உணவளிக்கும் கிறிஸ்தவச் சாலை ஒன்றில் ஊதியமின்றித் தொண்டு செய்து வந்தார். பல குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்மணி, மளிகைக் கடைகள் வெளியே எறியும் பண்டங்களில் நல்லவற்றைப் பொறுக்கியே தம் மக்களைக் காப்பாற்றி வருவதை அவர் அறிந்தார். பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருப்பதுபோல, உணவைப் போட்டு எடுக்கவும் ஓர் இடம் இருந்தால் நலமாயிருக்கும் என்பது அப்பெண்மணி கூறிய யோசனை. வறுமையில் உழன்ற ஒருவர் வாயிலிருந்தே இந்த உபாயம் வெளிப்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அந்நகரத்துப் புனித மரியாள் தேவாலயத்தார் ஒரு பழைய கட்டடத்தையும் 3,000 டாலரையும் அளிக்க, 1967-இல் அங்கே உணவு வங்கி தொடங்கிற்று. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது சுமார் 125 டன் உணவுப் பொருள் அதன் வழியாக வழங்கப்பட்டது. பிற நகரத்தாரும் அம்முறையைக் கற்றுச் சென்றனர். 1979-இல் நாடு தழுவிய அமைப்பு ஒன்று உருவாயிற்று. 2008 முதல் அது 'ஃபீடிங் அமெரிக்கா' என்னும் பெயரால் வழங்குகிறது. இன்று சுமார் 200 உணவு வங்கிகள் அதில் அடங்கும். வான் ஹெங்கல் 2005-இல் மறைந்தார்.

இதன் அமைப்பை ஓர் உவமையால் எளிதில் அறியலாம். உணவு வங்கி என்பது பெரிய களஞ்சியம். அதிலிருந்து பண்டங்களைப் பெற்று அந்தந்தப் பேட்டையில் வீடுகளுக்கு வழங்கும் சிறு நிலையங்களே ஊர் உக்கிராணங்கள். தேவாலயத்துப் பின்கட்டிலும், பள்ளிக்கூடத்து அறையிலும், பொதுமண்டபத்திலும் இவை நடைபெறுகின்றன. ஊதியம் பெறுவோர் ஒருவருமின்றித் தொண்டர்களாலேயே நடப்பவை பல.

தொண்டர்களின் கைங்கர்யம்

இத்தொண்டர்களுள் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியோர் மிகுதி. மாணவர்களும், விடுமுறை நாளில் வரும் அலுவலர்களும் உண்டு. அவர்கள் செய்யும் வேலையில் வெளிப்பார்வைக்குச் சிறப்பு ஒன்றும் தோன்றாது. கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வந்த பெட்டிகளைப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் தேதியைப் பார்க்கிறார்கள். மேல்தாள் கிழிந்திருந்தால் குற்றமில்லை. உப்பிய டப்பாவும் ஒழுகும் டப்பாவும் உடனே விலக்கப்படும். முன்னே வந்தது முன்னே வெளியே செல்லும்படி புதியதைப் பின்னும் பழையதை முன்னும் அடுக்குகிறார்கள். அழுகிய காய் ஒன்று கூடையில் இருந்தால் அதைத் தேடி எடுக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்க்கும் கைக்குழந்தை உள்ள வீட்டிற்கும் ஏற்றவற்றைத் தனியே வைக்கிறார்கள்.

கழிப்பதற்குரியதை ஏழைக்குக் கொடுத்துவிட்டுத் தானம் என்று பெயரிடுவது பாபம். தான் உண்ணத் தகாதது பிறர் உண்ணவும் தகாது என்பதே அந்தப் பெட்டிகளைப் பிரிக்கும் கைகளின் விரதம். உபநிஷத்து அன்னத்தை இகழாதே என்றது இதனையும் உட்கொண்டது போலும்.

மற்றொரு நுட்பமும் காணத்தக்கது. முன்பு பல நிலையங்களில், கட்டி வைத்த பையை எடுத்து நீட்டுவதே வழக்கம். பின்னர்ப் பல இடங்களில், வருபவர் கடையில் செல்வதுபோல் அலமாரிகளிடையே சென்று, தம் வீட்டுக்கு வேண்டியதைத் தாமே தெரிந்தெடுக்கும் முறை வந்தது. வேண்டாத பண்டம் வீணாவது இதனால் குறைகிறது. அதனினும் மேலானது, வந்தவர் கை ஏந்தி நில்லாமல் குடும்பத்தலைவராகவே நிற்கிறார் என்பது. மரியாதை என்னும் முதல் இலக்கணம் இங்கே செயலாகிறது.

2020-இல் கொள்ளைநோய் பரவியபோது இத்தொண்டு பெரிதும் சோதிக்கப்பட்டது. வேலையிழந்தோர் வாகனங்களில் நெடுந்தொலைவு வரிசையாகக் காத்திருந்தனர். அதே வேளையில், முதிய தொண்டர்கள் நோய்க்கு அஞ்சி வீட்டிலிருக்க நேர்ந்தது. இளைஞர்களும், சில மாநிலங்களில் காவற்படை வீரர்களும் அவர்களிடத்தில் நின்று பெட்டிகளை வாகனங்களில் ஏற்றினர். உக்கிராணம் பூட்டப்படாமல் இடைவிடாமை காக்கப்பட்டது.

பாத்திரம் யார்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். தானம் பாத்திரம் அறிந்து செய்யத்தக்கதன்றோ? வருபவர் உண்மையில் ஏழைதானா என்று ஆராயாமல் கொடுப்பது எங்ஙனம் தகும்?

இதற்குப் பெரியோர் கூறும் ஸமாதானம் தெளிவானது. பூமி, பொன், பசு முதலிய தானங்களுக்கு வாங்குபவருடைய குலமும் கல்வியும் ஒழுக்கமும் ஆராயப்படும். அன்னத்திற்கோ பசியே பாத்திரம். ஸ்ரீபாகவதம் 9-ஆம் ஸ்கந்தத்தில் வரும் ரந்திதேவனுடைய சரிதம் இதற்குச் சான்று. 48 நாள் உணவும் நீரும் இன்றிக் குடும்பத்தோடு வாடியிருந்த அவ்வரசனுக்கு மறுநாள் காலையில் உணவு கிடைத்தது. அதை அந்தணர் ஒருவர்க்கும், நான்காம் வர்ணத்தார் ஒருவர்க்கும், நாய்களோடு வந்த ஒருவர்க்கும் அளித்தான். எஞ்சியிருந்த நீரையும், தாகத்தோடு வந்த, உலகோர் தாழ்த்தி ஒதுக்கிய ஒருவர்க்கே கொடுத்தான். ஒருவரையும் அவன் சோதித்திலன். எல்லாரிடத்தும் ஹரியையே கண்டான்.

மேற்கூறிய நிலையங்கள் பலவற்றில் வருபவருடைய பெயர், வீட்டிலுள்ளோர் தொகை முதலிய சிலவற்றையே கேட்கிறார்கள். அவர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏனெனில் பசி வெளியே தெரிவதில்லை. அங்கே வருபவருள் வேலையில் இருப்போரும் பலர். மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் போய், மாதக் கடைசியில் அடுப்பு அணைந்த வீடுகள் அவை. அமெரிக்க அரசின் கணக்குப்படி, 2023-இல் 4 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்டோர் உணவுக்கு உறுதியில்லாத வீடுகளில் வாழ்ந்தனர். ஏழு வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு வீடு இந்நிலையில் இருந்தது. தானியம் மிகுதியாய் விளையும் நாட்டில் இது நிகழ்கிறது. பசிக்குக் காரணம் விளைச்சல் குறைவு ஒன்றே என்று கொள்வது பிழை என்பது இதனால் விளங்கும்.

உக்கிராணத்தால் ஆகாதது

தொண்டைப் புகழும்போது அதன் எல்லையையும் சொல்வதே நேர்மை. ஊர் உக்கிராணம் இன்றைய பசியைத் தீர்க்கும். குறைந்த கூலியையும் உயர்ந்த வாடகையையும் மாற்றாது. தாங்கள் ஒரு வேளை உணவு அளிக்குமிடத்தில் அரசின் உணவு உதவித் திட்டம் ஒன்பது வேளை அளிக்கிறது என்று 'ஃபீடிங் அமெரிக்கா' அமைப்பினரே கணக்கிட்டுள்ளனர். தனியார் தொண்டு அரசின் கடமைக்கு ஈடாகாது. அரசின் திட்டம் இருக்கிறதென்று அண்டை வீட்டார் தம் கடமையை விடவும் ஆகாது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் அன்னதானம் குறைவில்லாமல் நடைபெறுகிறது. திருமலையில் நித்ய அன்னதானத் திட்டம் 1985-இல் தொடங்கிற்று. தமிழக அரசு 2002-இல் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டத்தை ஏற்படுத்திற்று. ஸ்ரீரங்கத்தில் 2012 முதல் அது நாள் முழுவதும் நடைபெறும் அன்னதானமாக விரிந்தது. நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. இவையெல்லாம் போற்றத்தக்கன.

ஆயினும், பந்தியில் வந்து அமரக் கால்கள் வேண்டும். வரிசையில் நிற்க உடல்வலி வேண்டும். நாலு பேர் பார்க்க உண்ணும் துணிவும் வேண்டும். படுக்கையிலிருக்கும் கிழவிக்கு இம்மூன்றும் இல்லை. பிள்ளைகள் கைவிட்ட முதியவர்க்கு மூன்றாவது இல்லை. அரிசி கடையில் கிடைத்தாலும், அதை வாங்கிவர ஆளும், அதோடு சேர்க்கப் பருப்பும் எண்ணெயும் இல்லாத வீடுகள் உண்டு. உத்ஸவத்தின் பத்து நாளும் கோயிலைச் சுற்றி எவரும் பசித்திருப்பதில்லை. த்வஜாவரோஹணம் ஆகிக் கொடி இறங்கிய மறுநாள், அதே வீதியில் எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது நமக்குத் தெரியுமா? தெரியாதெனில் நம் ததீயாராதனம் இன்னும் நிறைவு பெறவில்லை.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வீதிக்கு நால்வர் போதும். தனித்திருப்போரையும் நோயுற்றோரையும் அறிந்து வைத்தல்; வாரம் ஒருமுறை பண்டங்களைச் சேர்த்து, பழுது நீக்கி, அளந்து வைத்தல்; ஓசையின்றி வீட்டிலேயே கொண்டு சேர்த்தல்; பெற்றவர் பெயரை ஒலிபெருக்கியில் கூறாமலும், புகைப்படம் எடுக்காமலும் இருத்தல்; வரவு செலவை மட்டும் எல்லாரும் காண எழுதி வைத்தல்; மழையாயினும் விடுமுறையாயினும் குறித்த நாளைத் தவறவிடாமை. இவ்வளவே முறை.

சந்நிதியில் திருவிளக்கு ஏற்றுபவரை எல்லாரும் காண்கிறார்கள். உக்கிராணத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்குபவரை ஒருவரும் காண்பதில்லை. எம்பெருமான் ஒருவனே காண்கிறான். அவன் திருவுள்ளம் உகப்பதற்கு அதுவே போதுமானது. இந்த உத்ஸவத்தில் பிரஸாதம் பெற்றுச் செல்லும் ஒவ்வொருவரும், தம் வீதியில் கதவு சாத்தியிருக்கும் ஒரு வீட்டை நினைவில் கொண்டு செல்வார்களாக.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து