முடிச்சைப் பசையா பிடிக்கிறது?

“முடிச்சு எப்படி இருந்தால் என்ன? மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் முடிந்தது கதை.” ஃபிளை கட்டப் பழகுகிறவர்களின் காதில் இதை ஓதாத ஆளே இல்லை போலிருக்கிறது. ஓதுகிறவர்களில் எத்தனை பேர் பசையே போடாமல் ஒன்றைக் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நகத்தால் சுரண்டிப் பார்த்திருப்பார்கள்? யாரோ சொன்னார்கள், இவர்களும் சொல்கிறார்கள்.

அறியாதவர்களுக்காக: தூண்டில் முள்ளின் மேல் இறகையும் ரோமத்தையும் வைத்து, நூலால் சுற்றி, மீனின் கண்ணுக்குப் பூச்சியாகத் தெரியும்படி செய்வதுதான் ஃபிளை. டிரவுட் மீனுக்கு உலகெங்கும் இதைத்தான் வீசுகிறார்கள். இறகு, உடல், வால் எல்லாவற்றையும் பிடித்திருப்பது ஒரே ஒரு நூல். முள்ளின் காதுக்குப் பின்னால் அதை முடித்து வெட்டுகிறோம். அந்த இடம் விட்டால் எல்லாம் விட்டது.

முடிக்க இரண்டு வழி உண்டு. ஹாஃப் ஹிட்ச் என்பது ஒற்றை வளையம். விரலில் வளைத்து, காதின் மேலாக நழுவவிட்டு இறுக்குவது. விப் ஃபினிஷ் என்பது நூலைத் தன் மேலேயே நாலைந்து சுற்று சுற்றி, மிச்ச வளையத்தை இழுத்து, நுனியை அந்தச் சுற்றுகளுக்கு அடியில் புதைப்பது. காதில்லாத முள்ளைத் தங்கூஸில் கட்டுகிற கடல் மீனவரின் கட்டும் இதே தத்துவம்தான். சுற்றுகளே நுனியை அமுக்கிப் பிடிக்கின்றன. அந்தக் கட்டுக்கு யாரும் பசை தேடிப் போவதில்லை.

நான் நூற்பாலையில் காலம் கழித்தவன். நூலைப் பற்றிய பேச்சென்றால் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. பருத்தி இழை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட துண்டு இழைகள் சேர்ந்துதான் கிலோமீட்டர் கணக்கில் நூலாகின்றன. எந்தப் பசை அவற்றை ஒட்டுகிறது? பசையே கிடையாது. முறுக்கு ஏறும்போது இழை இழையை அழுத்துகிறது, உராய்வு பிடித்துக்கொள்கிறது. நெசவுக்கு முன் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள் என்று யாராவது குறுக்கே வருவார்கள். அது தறியில் நூல் தேயாமல் இருக்க. துணியானதும் அலசி எடுத்துவிடுவார்கள். இழை பிரிகிறதா என்ன?

உருளையில் சுற்றிய கயிறு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்குப் போட்டுவிட்டார். சுற்று கூடக் கூடப் பிடிப்பு கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். உராய்வு எண்ணை 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 3.5 மடங்கு, 5 சுற்றுக்கு 530 மடங்குக்கு மேல். முள்தண்டின் மேல் நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக நடக்காதுதான். ஆனாலும் நுனி ஒரே சுற்றுக்கு அடியில் கிடப்பதற்கும் ஐந்து சுற்றுக்கு அடியில் கிடப்பதற்கும் உள்ள தூரம் இதிலேயே தெரிகிறது. மூன்று ஹாஃப் ஹிட்ச் அடுக்கினாலும் கடைசி வளையத்தைப் பிடிக்க அதற்குமேல் வேறொன்றும் இல்லை. அது நெகிழ்ந்தால் அடுத்தது வெளியே வரும், பிறகு அதற்கடுத்தது.

இப்போது பசைக்கு வருவோம். சூப்பர் க்ளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் காய்ந்தால் கண்ணாடிபோல் விறைக்கும். நைலான் நூலோ காற்றின் ஈரத்தையே தன் எடையில் சுமார் 4 சதவீதம் உறிஞ்சிக்கொள்ளும், நீரில் இன்னும் ஊறும், நீளும். நீள்கிற நூலின் மேல் நீளாத மேலோடு என்ன ஆகும்? விரிசல் விடும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடக் குடிக்காது. என் ஓட்டு அதற்கே.

இன்னும் வேடிக்கை, ஜிஎஸ்பி என்ற புதுவகை நூல். பருமன் குறைவு, பலம் அபாரம். ஆனால் அது முழுக்க முழுக்கப் பாலிஎத்திலீன், அதாவது நம் கடைப் பையின் பாலித்தீனுக்கு நெருங்கிய உறவு. சூப்பர் க்ளூவை எந்தப் பொருளில் செய்த குப்பியில் அடைத்து விற்கிறார்கள்? அதே பாலிஎத்திலீனில்தான், அதில் ஒட்டாது என்பதால். ஒட்டாது என்று தெரிந்தே தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த பொருளின் மேல் அந்தப் பசையைச் சொட்டிவிட்டு, “இனி அவிழாது” என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? இந்த நூல் வழுக்கும். உராய்வு எண் 0.1 என்றால் ஐந்து சுற்று தருவது 23 மடங்குதான். அதனால் மெழுகு தடவி, விப் ஃபினிஷை இரண்டு தடவை போட வேண்டும்.

பசையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிரவுட்டுக்குத் தாடையில் மட்டுமல்ல, நாக்கிலும் மேலண்ணத்திலும் பல் உண்டு. அந்தப் பல்லிலிருந்து நூலைக் காக்க மெல்லிய பூச்சு நல்லது. நகப்பூச்சுகூடப் போதும். பூச்சு கவசம், பிடிக்க வேண்டியது முடிச்சு. அதிகமாக விட்டால் பசை இறகில் ஏறி விறைக்கும், முள்ளின் காதை அடைக்கும். ஓடைக்கரையில் நின்றுகொண்டு அடைபட்ட காதை ஊசியால் குடைகிறவரைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை.

மற்றவை சில்லறை. ‘விப் ஃபினிஷுக்குக் கருவி கட்டாயம்’ என்பார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஃபிராங்க் மட்டரெல்லி உருவாக்கிய கருவி அருமையானதுதான், ஆனால் இரண்டு விரலால் ஆகாத வேலை அல்ல இது. ‘தடித்த நூல்தான் உறுதி’ என்பது இன்னொன்று. தடித்த 140 டெனியர் நூல் மூன்று சுற்று பிடிக்கும் இடத்தில் மெல்லிய 70 டெனியர் நூல் நாலைந்து சுற்று உட்காரும். பிடிப்பு சுற்றில் இருக்கிறது. ‘ஹாஃப் ஹிட்ச் எதற்கும் உதவாது’ என்பதும் பிதற்றல்தான். பாதி வேலையில், நூல்கண்டைத் தாங்கும் பாபினை விட்டு எழுந்து போக அதைவிடச் சௌகரியம் வேறில்லை.

முடிச்சின் மேல் போடும் பழியில் பாதி உண்மையில் இடநெருக்கடியின் பழி. இறகைக் காது வரைக்கும் கொண்டுவந்து திணித்துவிட்டு, மிச்சமே இல்லாத இடத்தில் முடித்தால் சுற்றுகள் காதின் மேலேறி நழுவத்தான் செய்யும். காதின் நீளத்துக்கு ஒரு வெற்றிடம் விடுங்கள். சுற்றுகள் குறுக்கே ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படியட்டும். வளையத்தை மூடும்போது கடைசி நொடிவரை ஊசியால் இழுவையில் வையுங்கள். பிறகு நூலை நன்றாக இழுத்து இறுக்கி, விறைப்பாகப் பிடித்தபடியே வெட்டுங்கள்.

முள்ளை அசையாமல் பிடிக்கும் வைஸில் மாட்டும் முன் இன்னொரு வேலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முள்நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். காவிரி வடிநிலத்துக்கே உரிய திமில் மஹ்சீர், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2018-இல் மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட மீன் தவறிப்போய் மாட்டினால் காயமில்லாமல் கழற்றிவிட எதிர்முள் இல்லாத முள்ளே வழி. ‘மீன் தப்பிவிடும்’ என்பவர்கள் நூலை இழுவையில் வைத்திருக்கக் கற்றுக்கொள்ளட்டும். நசுக்கும் வேலையை, ஃபிளையைக் கட்டி முடித்தபின் செய்யாதீர்கள். விறைப்பேற்றிய எஃகு சில சமயம் பட்டென்று ஒடியும். ஒடிவதானால் வெறும் முள்ளாக இருக்கும்போதே ஒடியட்டும்.