ஓய்வு இருவருக்கும் வேண்டும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் இண்டூர் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. தோளில் துண்டு, கையில் ஒரு பை, முகத்தில் ஒரு களிப்பு. ஆறு நாள் மண்ணோடும் கல்லோடும் பாடுபட்ட உடம்பு, ஏழாம் நாள் காவிரித் தண்ணீரைத் தேடிப் போகிறது. நல்ல காரியம்தான். உடம்பும் மனசும் களைத்துப் போனால் ஊரை விட்டு விலகி, மலை, மரம், நீர்வீழ்ச்சி என்று ஒரு நாள் இருந்து வருவது நம் முன்னோர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். அரூர்ப் பக்கம் தீர்த்தமலைக்குப் போய்த் தீர்த்தமாடி வருவதும், ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக்கரையில் கூடுவதும் சாமி காரியம் மட்டுமல்ல. உடம்புக்கு அது ஒரு விடுமுறையும் ஆகும்.

ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறுவோரை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். பத்தில் ஏழெட்டுப் பேர் ஆண்பிள்ளைகள்தான். அவர்களுடைய வீட்டம்மாள் எங்கே? ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் துணி வெளுத்துக்கொண்டு இருப்பார். இந்தத் துண்டுப் பிரசுரம் அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒகேனக்கல் எண்ணெய்க் குளியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "அது உடம்புக்கு நல்லதா சார்?" என்று கேட்காத ஊர் இல்லை. நல்லதே. எண்ணெய் தேய்த்து நன்றாகப் பிடித்துவிட்டால் இறுகிக் கிடக்கும் தசைகள் தளர்கின்றன. தோலில் ரத்த ஓட்டம் கூடுகிறது. வலி மட்டுப்பட்டு அன்றிரவு அடித்துப் போட்டது போல் தூக்கம் வருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை, அதுவே பெரிய வேலை. சர்க்கரை நோய் தீரும், வாதம் பறந்து போகும் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டுக் குளிக்கப் போங்கள். குடித்துவிட்டு மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள். கர்நாடகத்தில் மழை பெய்து நீர்வரத்து கூடும்போது குளிக்கவும் பரிசல் விடவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. அது உங்கள் உயிரைக் காப்பதற்கான தடை. "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிற பேச்சு காவிரிப் பாறைகளிடம் எடுபடாது.

இனி வீட்டம்மாளின் நாளைப் பார்ப்போம். கோழி கூவும் முன்னே எழுந்து, வாசல் தெளித்து, சாணி அள்ளி, பால் கறந்து, தண்ணீர் பிடித்து, குழந்தைகளைக் கிளப்பி, களி கிளறி முடிப்பதற்குள் பொழுது நன்றாக ஏறிவிடும். களி கிளறுவதென்றால் சும்மாவா? துடுப்பைப் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் தோள்பட்டை வலி தெரியும். அதன் பிறகு காட்டு வேலைக்குப் போக வேண்டும். பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கணவர் வேலைக்குப் போய்விட்ட வீடாக இருந்தால், ஆண் செய்யும் வேலையும் அவள் தலையில்தான். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கடைசியாகப் படுக்கிறாள். "அவ வீட்லதான இருக்கா, அவளுக்கு என்ன ஓய்வு?" என்று கேட்கும் அண்ணன்மார்களே, உங்கள் ஒரு நாளையும் அவருடைய ஒரு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நம் பெரியவர்கள் இதை ஓரளவு புரிந்துதான் வைத்திருந்தார்கள். ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு, பிரசவத்துக்குப் பின் மூன்று மாதமோ ஐந்து மாதமோ தாய்வீடு. எந்த ஆசிரமமும் தர முடியாத ஓய்வு அது. "இன்னொரு வாய் சாப்பிடு" என்று சொல்ல அங்கே ஒரு அம்மா இருப்பாள். இன்று அந்த அம்மாவே கூலிக்குப் போகிறாள், இருபது நாளில் பெண் திரும்பி வந்துவிடுகிறாள். ஆகவே, தாய்வீடு தந்த ஓய்வை இனிக் கணவர் வீடுதான் தர வேண்டும். கர்ப்பிணிக்கு இரவில் 8 மணி நேரத் தூக்கமும் பகலில் 2 மணி நேரப் படுக்கையும் அவசியம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் குழந்தைக்கு ரத்தம் நன்றாகப் போகும்.

1987இல் நம் மாநிலத்தில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் எதற்காக வந்தது தெரியுமா? கர்ப்ப காலத்தில் ஏழைத் தாய் கூலிக்குப் போகாமல் இருந்தால் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டவும், அவள் சத்தாகச் சாப்பிடவும்தான். ஓய்வுக்கும் உணவுக்கும் கொடுக்கும் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் மாட்டுக்கொட்டகைக்குத் தகரம் வாங்கிய வீடுகளும் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

மாதவிலக்கின்போது பெண்ணை வீட்டுக்கு வெளியே ஒதுக்கி உட்கார வைப்பதையும் சிலர் 'ஓய்வு' என்கிறார்கள். மழையிலும் குளிரிலும் தனியே கிடப்பது ஓய்வு ஆகாது. வீட்டுக்குள்ளேயே படுக்கச் சொல்லி, வேலையை மற்றவர் செய்தால் அதுதான் ஓய்வு.

அடுத்து, கருப்பைக்கும் ஓய்வு வேண்டும். நிலத்தைக்கூட ஒரு போகம் தரிசு போட்டுத்தானே மறுபடி விதைக்கிறோம்! ஒரு குழந்தை பிறந்து குறைந்தது 2 ஆண்டுகள் கழித்தே அடுத்த கருத்தரிப்பு என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அதற்குள் உண்டானால் இழந்த ரத்தம் ஊறுவதற்குள் அடுத்த செலவு வந்துவிடும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசி, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமே. குழந்தைகள் போதும் என்று தீர்மானித்தவர்கள், யார் ஆபரேஷன் செய்துகொள்வது என்பதை இருவருமாக உட்கார்ந்து பேசுங்கள். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும். ஆணுக்குக் கத்தியில்லாமல், தையலில்லாமல் சில நிமிடங்களில் முடியும் முறை உண்டு. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். முதல் 3 மாதம் மட்டும் வேறு தடுப்பு முறை வேண்டும், பிறகு ஒரு பரிசோதனை. உழைக்கும் பலமோ ஆண்மையோ இதனால் குறையாது. அப்படியிருந்தும் நம் நாட்டில் பெரும்பாலும் பெண்களே முன்வருகிறார்கள். ஓய்வு கிடைக்காதவளே ஆபரேஷனுக்கும் போகிறாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், இண்டூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று குழந்தைகளின் தாய் ஒருவரைப் பார்த்தேன். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். "எந்நேரமும் அசதியா இருக்குதுங்க, படி ஏறினா மூச்சு வாங்குது" என்றார். மாமியார் நல்லவர், கஷாயம் வைத்துக் கொடுத்தார். தாய்வீட்டுக்கு அனுப்பிப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். மாந்தோப்பு, நிழல், காற்று எல்லாம் அங்கே இருந்தது. திரும்பி வந்த பிறகும் அசதி அப்படியே இருந்தது. "சோம்பேறித்தனம்" என்று ஊரார் பேசத் தொடங்கிவிட்டார்கள். கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன், சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7 கிராம். வயது வந்த பெண்ணுக்கு 12க்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக்கூடாது. மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போனதும், வெறுங்காலில் நடந்ததால் பாதம் வழியே புகுந்த கொக்கிப்புழு குடலில் இருந்து ரத்தம் உறிஞ்சியதுமே காரணம். ஓய்வு என்ன செய்யும், பாவம்!

ஆகவே, ஓய்வையே ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பால் வந்த களைப்பு இரண்டு மூன்று நாள் நல்ல தூக்கத்திலும் நல்ல சாப்பாட்டிலும் போய்விடும். ஒரு வாரம் ஓய்வெடுத்தும் போகாத அசதி நோயாக இருக்கலாம். அப்போது தேட வேண்டியது மலையை அல்ல, ரத்தப் பரிசோதனையை. அசதியோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால் சர்க்கரைப் பரிசோதனை. கர்ப்பிணிக்குத் தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் ஓய்வும் கஷாயமும் என்று ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

"இயற்கை வைத்தியம் போதும், ஆஸ்பத்திரி எதற்கு?" என்று வாதாடுவோர் காந்தியடிகளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். உண்மையே. மண், நீர், வெயில், காற்று இவற்றால் ஏழைகளுக்குச் செலவில்லாமல் வைத்தியம் செய்யலாம் என்று நம்பி, 1946இல் புனாவுக்குப் பக்கத்தில் உருளிகாஞ்சன் என்ற கிராமத்தில் தாமே தங்கி இயற்கைச் சிகிச்சை நிலையம் தொடங்கினார். ஆனால் அதே காந்தியடிகளுக்கு 1924இல் குடல்வால் அழற்சி வந்தபோது, புனா சாஸூன் ஆஸ்பத்திரியில் ஆங்கிலேய டாக்டர் அறுவை செய்துதான் பிழைத்தார். அவர் கைதியாக இருந்த காலம் அது. கத்தி வேண்டிய இடத்தில் கத்தியை ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு விஷயமும் நம் மாவட்டத்தார் அறிய வேண்டியது. இயற்கையில் கிடைப்பதெல்லாம் நன்மை என்று எண்ணக்கூடாது. நம் மண்ணடியில் ஊறும் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். அந்த முதுகுவலிக்கு எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் பலன் சொற்பமே. காய்ச்சினாலும் இந்த உப்பு போகாது. 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. ஒகேனக்கல் போக நேரமில்லாத வீட்டம்மாளின் குடத்துக்கும் அதனால் காவிரி வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, போர்த் தண்ணீரைத் துவைக்கவும் மாட்டுக்கும் விடுங்கள்.

வீட்டிலேயே கிடைக்கும் இயற்கை வைத்தியமும் குறைவில்லை. வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு மதியம் அரைமணி படுப்பது, வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய்க் குளியல், சாயங்காலம் இருவருமாக வரப்புப் பக்கம் ஒரு நடை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, சாமை நம் கொல்லையிலும் காட்டிலும் விளைபவைதான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோர் கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றால் சத்து நன்றாக ஒட்டும். டீயைச் சேர்த்துக் குடித்தால் ஒட்டாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் பாட்டிமார்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். அது நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சலில் முடியும்.

மேலே சொன்ன அந்த அம்மாவுக்குப் புழு மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். கணவர் தயங்கித் தயங்கித்தான் தானே ஆபரேஷன் செய்துகொள்ள வந்தார். நாலைந்து மாதம் கழித்து இண்டூர் கடைவீதியில் அவர்களைப் பார்த்தேன். ஒகேனக்கல் போய் வந்ததாகச் சொன்னார்கள். இவர் பாறைமேல் சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் ஆசைதீரக் குளித்தாராம். "எப்படி இருந்ததும்மா?" என்று கேட்டேன்.

"வர்றப்ப பஸ்ல நல்லா தூங்கிட்டேனுங்க. இவருதான் இண்டூர் வந்ததும் எழுப்பிவிட்டாரு" என்றார்.