தானாக ஆஃப் ஆகும் கம்ப்யூட்டர்: தூசியைக் கவனியுங்கள்!

கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ உங்கள் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிறதா? வைரஸ் என்று நினைத்து ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மதர்போர்டை மாற்றவும் அவசரப்படாதீர்கள். இப்படிப்பட்ட டெஸ்க்டாப்களில் நான் முதலில் பார்ப்பது ஹீட் சிங்க்கைத்தான்.

பிராசசரின் மேல் நெருக்கமான உலோகத் தகடுகளுடன் இருப்பதே ஹீட் சிங்க். அதன் மேலுள்ள ஃபேன், தகடுகளின் இடுக்கு வழியே காற்றைச் செலுத்திச் சூட்டை வெளியேற்றும். இரண்டுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்துவிட்டால் ஃபேன் சுற்றினாலும் காற்று போகாது. விண்டோ ஏ.சி.யில் காயில் அடைத்துக்கொண்டால் அறை குளிராதது போலத்தான். சூடேறிய பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு தணியாவிட்டால், எரிந்துபோகாமல் இருக்க கம்ப்யூட்டரே ஆஃப் ஆகிவிடும். சேவ் செய்யாத ஃபைல் போனது போனதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். ஹார்டுவேர் மானிட்டர் பகுதியில் சிபியு வெப்பநிலை தெரியும். பெரிய வேலை எதுவும் இல்லாத அந்த நிலையிலேயே 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை:

1. வாரண்டி சீல் இருந்தால் கேபினெட்டைத் திறக்காமல் விற்றவரிடம் கொடுங்கள்.

2. ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் ஸ்டேட்டிக் மின்சாரத்தை நீக்குங்கள்.

3. ஃபேன் தனி ஸ்க்ரூக்களில் இருந்தால் அதை மட்டும் கழற்றுங்கள். ஹீட் சிங்க்கை அசைக்க வேண்டாம். அதைக் கழற்றினால் புதிதாக தெர்மல் பேஸ்ட் தடவ வேண்டியிருக்கும்.

4. உலர்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளின் இடுக்குத் தூசியைக் கிளறி, ப்ளோயரால் ஊதுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

5. ஈரத்துணி கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. கேபிளைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மீண்டும் பயாஸில் பாருங்கள். வெப்பநிலை குறையவில்லை என்றால் ஃபேனோ தெர்மல் பேஸ்ட்டோ கெட்டிருக்கலாம், டெக்னீஷியனிடம் காட்டுங்கள். குறைந்திருந்தால் செலவு ஒரு பிரஷ் மட்டும்தான். தெருவோர வீடு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள்.