விடுமுறை ஜாகை தெரிதல்

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய மாணவருட் பலர் இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாட்டிற் குடியிருந்து வருகின்றனர். அவர்தம் பெற்றோர் கோடை விடுமுறையில் ஆங்குச் சென்று பேரக் குழந்தைகளோடு சில திங்கள் தங்கி மீள்வதும் வழக்கமாய்விட்டது. குடும்பம் முழுதும் அங்ஙனம் ஒருங்கு கூடிய காலத்து, ஒரு வாரத்தை உல்லாசமாய்க் கழிக்க வேண்டுமெனின், யாவர் வாயிலும் முதலில் வரும் பெயர் புளோரிடா. குழந்தைகள் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காவை விரும்புவர். முதியோர் கடற்காற்றை விரும்புவர். இரண்டும் அம்மாநிலத்தில் உள. ஆயினும், இவ்விரண்டிற்கும் ஏற்ற ஜாகையைத் தெரிந்துகொள்ளும் வகையை முன்னரே அறிந்து செல்வோர் சிலரே. யாமும் அறியாது சென்று இடர்ப்பட்டோமாதலின், பின்னர்க் கற்றுக்கொண்டவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் குடும்பத்தார் எழுவர்: எண்பது வயது கடந்து முழங்கால் நோவுடைய எம் அன்னையார், யாமும் எம் மனைவியும், மகனும் மருமகளும், ஆறு வயதுப் பேத்தி, இரண்டரை வயதுப் பேரன். மே மாதத்திறுதியில் ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. இணையத்தில் யாம் கண்ட விளம்பரம் ஒன்று, “கடற்கரைக்கும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் அண்மையில் நான்கு படுக்கையறைகளும் சொந்த நீச்சற்குளமும் உடைய வீடு” என்று கூறிற்று. வாடகையும் மலிவாயிருந்தது. வேறொன்றும் வினவாது பணத்தைக் கட்டிவிட்டோம்.

அவ்வீடு லேக்லாண்டு என்னும் ஊரின் புறத்தே இருந்தது. டிஸ்னி பூங்காக்கள் கிழக்கே ஏறக்குறைய 35 மைல். கிளியர்வாட்டர் கடற்கரை மேற்கே ஏறக்குறைய 60 மைல். இரண்டிற்கும் இடையே செல்வது 4-ஆம் எண் நெடுஞ்சாலை. அச்சாலையிற் காலையிலும் மாலையிலும் வண்டிகள் எறும்புச் சாரைபோல் ஊர்கின்றன. முதல் நாள் யாம் பூங்காவின் வாயிலை அடைந்தபொழுது மணி பதினொன்று; பேரன் வண்டியிலேயே உறங்கிவிட்டான். பிற்பகல் மூன்று மணிக்கு இடியும் மழையும் தொடங்கின. அன்னையாரைச் சிறிது நேரம் படுக்க வைக்கலாமெனின், ஜாகை 35 மைலுக்கப்பால். கடலுக்குச் சென்ற நாளிலோ, வண்டி நிறுத்த இடந்தேடி அலைந்து, அலையிற் கால் நனைத்திருந்த நேரம் ஒரு மணிக்கு மேலில்லை. நான்கு நாள் பூங்காவிற்கும் இரண்டு நாள் கடலுக்கும் போய்வந்த வகையில் மட்டும் 520 மைல் ஓடினோம் என்று பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம்.

வீட்டுக்காரர் பொய்யுரைத்தாரென்று சொல்ல மாட்டோம். இரண்டிற்கும் நடுவே இருப்பது இரண்டிற்கும் அண்மையதென்று அவர் எண்ணினார். நடுவே இருப்பது இரண்டிற்கும் தூரமென்பது எம் அனுபவம். இதன் காரணம் அந்நிலத்தின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

1963-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வால்ட் டிஸ்னி மத்திய புளோரிடாவை விமானத்திலிருந்து பார்வையிட்டார். கடற்கரையோடு போட்டியிட அவர் விரும்பவில்லை என்பர். கடலருகே பூங்கா அமைப்பின் வருவோர் பாதி நாளைக் கடலிற் கழிப்பர். உள்நாட்டில் அமைப்பின் முழு நாளும் பூங்காவிற்கே உரியது. அன்றியும், பெரிய நெடுஞ்சாலைகள் இரண்டு ஆர்லாண்டோ நகரின் அருகே சந்திக்கவிருந்தன. ஆதலின், அந்நகருக்குத் தென்மேற்கே சதுப்பும் மேய்ச்சல் நிலமுமாய்க் கிடந்த பெரும் பரப்பை, விலை ஏறாதிருத்தற்பொருட்டு வேறு பெயர்களால் இரகசியமாய் வாங்கி, 1965-இல் தம் கருத்தை வெளியிட்டார். 1966 டிசம்பரில் அவர் இறந்தார். முதற் பூங்கா 1971 அக்டோபர் 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. பின்னர் 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பூங்காக்கள் அங்கேயே எழுந்தன. அவ்வளாகம் ஏறக்குறைய 40 சதுர மைல் பரப்புடையது. 1973-இல் சீவேர்ல்டும், 1990-இல் யூனிவர்சல் நிறுவனத்தாரின் முதற் பூங்காவும், 2025 மே மாதத்தில் அவர்தம் எபிக் யூனிவர்ஸும் அதே நகர்ப்புறத்தில் தோன்றின. ஆகவே, பூங்காக்கள் கடலைவிட்டு விலகியிருப்பது தற்செயலன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இதனை உணராது ஒரே வீட்டில் இரண்டையும் அடக்க முயல்வோர் எம்மைப்போல் வண்டியிலேயே விடுமுறையைக் கழிப்பர்.

எனவே, ஏழிரவு தங்குவோர் ஜாகையை இரண்டாகப் பகுத்துக்கொள்ளுதலே தக்கது என்பது எம் துணிபு: ஐந்திரவு பூங்காக்களின் பக்கத்தில், இரண்டிரவு கடலின் பக்கத்தில். மூட்டை முடிச்சுக்களை ஒருமுறை கட்டியவிழ்க்கும் தொல்லை உண்டென்பது உண்மையே. மற்றோராண்டு யாம் அவ்வாறே கிஸ்ஸிமீயிலும் பின்னர்க் கோக்கோ பீச்சிலுமாகத் தங்கினோம். விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கே சேருமளவும் ஓடிய தூரம் 200 மைலுக்குட்பட்டது.

எக்கடலைத் தெரிவது என்பது அடுத்த வினா. ஆர்லாண்டோவுக்குக் கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கே மெக்சிகோ வளைகுடா. கோக்கோ பீச் ஏறக்குறைய 60 மைல் தூரத்தில் அட்லாண்டிக் கரையிலுள்ளது. சுங்கம் செலுத்தும் நேர்வழி ஒன்று உண்டு. கேப் கனாவெரலின் ராக்கெட்டுத் தளம் அருகே இருத்தலின், பள்ளிப் பிள்ளைகளுக்கு அதனையும் காட்டலாம். ஆயின், அங்கே அலை ஓங்கி அடிக்கும். அலைப்பலகையின்மேல் நின்று விளையாடுவோர்க்கு அது பெயர்பெற்ற இடம். வளைகுடாக் கரையோ வெண்மணலும், நெடுந்தூரம் ஆழமின்றிச் செல்லும் நீரும், தணிந்த அலையும் உடையது. சிறு குழந்தைகளுக்கு அதுவே நன்று. தூரமோ 100 மைலுக்கு மேல். கோடையில் அவ்விளநீரின் மணலடியில் திருக்கை மீன் படுத்திருக்குமாதலின், காலைத் தூக்கி வையாது மணலிற் தேய்த்துத் தேய்த்து நடக்கும்படி அங்குள்ளோர் கற்பிக்கின்றனர். எம் பேத்தி அந்நடையை வீட்டுக் கூடத்திலும் பல நாள் நடந்து காட்டினாள்.

இனி, பூங்காக்களின் பக்கத்து ஜாகைகளை நோக்குவோம். அவை மூவகைப்படும். முதலாவது, பூங்கா நிறுவனத்தாரே தம் வளாகத்தினுள் நடத்தும் விடுதிகள். விலை மிகுதி, ஆயின் வண்டியோட்டாதார்க்கு இவற்றினும் சிறந்தது இல்லை. டிஸ்னி விடுதியிற் தங்குவோரைப் பேருந்தும், ஒற்றைத் தண்டவாள வண்டியும், 2019 முதல் கம்பியிற் தொங்கிச் செல்லும் வண்டியும் கட்டணமின்றிப் பூங்காவிற் சேர்க்கின்றன. பிறரினும் அரைமணி முந்தி உள்ளே செல்லவும் அவர்க்கு உரிமை உண்டு. நண்பகலில் அறைக்குத் திரும்பி, குழந்தையை உறங்க வைத்து, மாலையில் மீண்டும் செல்லலாம். முதியோரும் மழலையரும் உள்ள குடும்பத்திற்கு இந்நண்பகல் ஓய்வே விடுமுறையின் உயிர்நாடி. இரண்டாவது, சாலையோர விடுதிகள். இவை மலிவு. தனிச் சமையற்கட்டுடைய அறைகளும் இவற்றுட் கிடைக்கும். சோறும் இரசமும் இன்றி இரண்டு நாளைக்குமேல் தரியாதார் (யாமும் அவருள் ஒருவர்) அத்தகைய அறையையே கேட்டு வாங்குக. மூன்றாவது, கிஸ்ஸிமீ, டேவன்போர்ட்டு முதலிய ஊர்களிலுள்ள வாடகை வீடுகள். எழுவர், எண்மர் ஒருங்கு தங்குவதற்கு ஆள் வீதம் கணக்கிடின் இவற்றினும் மலிவானது அரிது. துணி வெளுக்கும் இயந்திரமும் முழுச் சமையலறையும் உண்டு. முதியோர்க்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் உளவா என்பதை மட்டும் தவறாது வினவுக. பல வீடுகளில் அவை மேல்மாடியிலேயே உள்ளன.

வீடுகளைப் பற்றி வேறொன்றை விரித்துக் கூற வேண்டியுள்ளது. அவற்றுட் பலவற்றிற்குப் பின்புறத்தே நீச்சற்குளம் உண்டு. அதுவே விளம்பரத்தின் முதற் படம். எம் லேக்லாண்டு வீட்டிலும் கூடத்திற்கும் குளத்திற்கும் இடையே இருந்தது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு ஒன்றே. மூன்றாம் நாட் காலை, யாம் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தோம். மகனும் மருமகளும் வண்டியிற் பொருள்களை ஏற்றிக்கொண்டிருந்தனர். குழந்தை பாட்டியாரிடம் இருப்பதாக எல்லாரும் எண்ணினோம். அவனோ உறங்குகிறான் என்று அன்னையார் எண்ணினார். அவர் இட்ட கூக்குரல் கேட்டு ஓடினோம். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பேரன் குளத்தின் விளிம்பில் குனிந்து, நீரிற் கிடந்த இலையொன்றை எடுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான். மருமகள் பாய்ந்து பிடித்தாள். அன்று எவரும் பூங்காவிற்குச் செல்லவில்லை.

அமெரிக்க நாட்டில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் மரணத்திற்கு முதற்காரணமாய் இருப்பது நீரில் மூழ்குதலே என்று பின்னர் அறிந்தோம். புளோரிடா மாநிலம் இதனை முன்னிட்டு 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திற்குப்பின் அமைக்கப்படும் வீட்டுக் குளங்கட்குச் சுற்றுவேலியோ, மூடியோ, கதவு திறந்தால் ஒலிக்கும் மணியோ, தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவோ, இத்தகைய காவல் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அத்தாழ் தரையிலிருந்து 54 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். பழைய குளங்களை அச்சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. மணி இருந்தும், ஓயாது ஒலிக்கிறதென்று முன் வந்தோர் அதனை நிறுத்திவிட்டுப் போயிருத்தலும் கூடும். ஆதலின், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பத்தார் பணம் கட்டுமுன் வீட்டுக்காரருக்கு எழுதி, குளத்தைச் சுற்றிக் கழற்றி மாட்டும் வேலி உண்டா, கதவில் மணி ஒலிக்கின்றதா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்க. இரண்டும் இல்லையெனின் குளமில்லா வீட்டைத் தெரிக. அல்லது விடுதி அறையே போதும். வீட்டிற் புகுந்தவுடன் பெட்டிகளை அவிழ்க்குமுன் அக்கதவுகளைத் தாமே திறந்து பார்ப்பதும், இந்நேரம் முதல் இந்நேரம் வரை குழந்தையைக் காப்பவர் இன்னார் என்று பெயர் சொல்லிக் குறிப்பதும் இப்பொழுது எம் குடும்பத்து வழக்கம்.

வாடகைக் கணக்கைச் சுருங்கக் கூறுவோம். விளம்பரத்திற் காண்பது முழு விலையன்று. ஓரிரவுக்கு 200 டாலர் என்ற வீட்டில் ஐந்திரவு தங்கினால் 1,000 டாலர். வீட்டைத் துப்புரவாக்கும் கட்டணம் 180 என்று கொள்வோம். கிஸ்ஸிமீ அடங்கிய ஒசியோலா மாவட்டத்தில் விற்பனை வரியும் பிரயாணிகள் வரியும் சேர்ந்து நூற்றுக்கு 13½. ஆக மொத்தம் 1,339 டாலருக்குச் சிறிது மேல். ஓரிரவுக்கு 268 ஆயிற்று. ஆர்லாண்டோ அடங்கிய ஆரஞ்சு மாவட்டத்தில் வரி நூற்றுக்கு 12½. 2025 மே 12 முதல் நடுவணரசின் விதியொன்றால், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த தொகையை முதலிலேயே காட்டுதல் வேண்டும். வரியை அதிற் சேர்க்க வேண்டுமென்பதில்லை.

காலத்தையும் கருத வேண்டும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயற் பருவம். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹெலீன் என்னும் புயலாற் கிளியர்வாட்டர்ப் பக்கத்துக் கடற்கரையூர்கள் வெள்ளத்துள் மூழ்கின. பதினைந்து நாளுக்குள் மில்டன் என்னும் புயல் அதே கரையிற் சிறிது தெற்கே ஏறிற்று. ஆதலின், அப்பருவத்திற் செல்வோர் கடலோர ஜாகைக்குப் பணம் கட்டுங்கால், புயல் எச்சரிக்கையால் வர இயலாவிடின் பணம் திரும்புமா என்னும் வாசகத்தைப் படித்தே கட்டுக.

கடற்கரையில் ஜாகை தெரியுங்கால், அறையின் சாளரத்திலிருந்து கடல் தோன்றுமா என்பதினும், காவலர் மேடையுள்ள கரை நடந்து செல்லும் தூரத்தில் உள்ளதா என்பதே முதலிற் கேட்கத் தக்கது. அம்மேடைகளில் கொடி பறக்கும். பச்சை தணிந்த கடலைக் குறிக்கும், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு பேரபாயம், இரு சிவப்புக் கொடிகள் பறப்பின் நீரில் இறங்கவே கூடாது, ஊதா, சொறிமீன் முதலிய கடிய உயிர்கள் உலவுவதைக் காட்டும். கரையிலிருந்து ஆளை உள்ளிழுத்துச் செல்லும் நீரோட்டம் அட்லாண்டிக் கரையில் அடிக்கடி எழும். அதில் அகப்பட்டோர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாது, கரைக்கு இணையாய்ப் பக்கவாட்டில் நீந்தி அதனைக் கடந்தபின் திரும்புதல் வேண்டும்.

கோக்கோ பீச்சில் யாம் தங்கிய விடுதி மிக எளியது. அன்னையாரின் முழங்காலை முன்னிட்டுத் தரைத்தள அறை வாங்கியிருந்தோம். முதலிரவு, கடலை நோக்கிய திண்ணையில் விளக்கில்லை. வெளிப்புற விளக்குகளும் மங்கலாய்ச் செந்நிறமாய் இருந்தன. பணம் கொடுத்தும் இருட்டா என்று அன்னையார் கேட்டார். யாமும் குறைகூறச் சென்றோம். அப்பொழுது விடுதியார் காரணம் கூறினர்: மார்ச்சு முதல் அக்டோபர் வரை கடலாமைகள் அக்கரையிலேறி முட்டையிடுகின்றன; விளக்கொளி கண்டால் தாயாமை கரையேறாது; குஞ்சுகளும் கடலென்று மயங்கி வெளிச்சத்தை நோக்கிச் சாலைக்குச் சென்று மடியும்; ஆதலின் கடற்பக்கத்து விளக்குகளை மறைத்து வைக்குமாறு சட்டம் உளது. அறைக்குத் திரும்பி இதனைச் சொன்னோம். அன்னையார் எழுந்து, உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கையும் அணைத்துவிட்டு, திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.