வண்டி ஏன் இழுக்கவில்லை?

காய்கறி, பால், அரிசி, சிமெண்டு, மாட்டுத் தீவனம். இவை எல்லாம் நம் தெருவுக்கு எதில் வருகின்றன? பெரும்பாலும் பிக்கப் வண்டியில் வருகின்றன. பெரிய லாரி நுழைய முடியாத தெருவிலும் பிக்கப் நுழையும்.

பல பிக்கப் வண்டிகளுக்கு ஓட்டுநரே சொந்தக்காரர். கடன் வாங்கி வண்டி எடுத்திருப்பார். மாதா மாதம் தவணை கட்டுவார். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

இவர்களுக்கு அடிக்கடி ஒரு கேள்வி எழும். "வண்டி மேட்டில் ஏறவில்லை. எஞ்சினுக்குச் சக்தி கூட்டலாமா? எதை மாட்டலாம்?" அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்தப் பாடம்.

ஓர் எடுத்துக்காட்டு

கர்நாடகத்தில் உள்ள கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பெயர் பெற்றது. தங்கவயல் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தங்கச் சுரங்க வேலைக்காக அவர்களின் முன்னோர் அங்கே வந்தார்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் வேறு பிழைப்பைத் தேடினார்கள்.

அந்த ஊர் ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர் கோலார் சந்தையில் தக்காளி ஏற்றுகிறார். முளுபாகல், பலமனேர், சித்தூர் வழியாகச் சென்னை கோயம்பேடு சந்தைக்குப் போகிறார். வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் காசு கட்டாது. அதனால் அரிசி மூட்டை ஏற்றி வருகிறார்.

சித்தூருக்கும் பலமனேருக்கும் நடுவில் மொகிலி மலைப்பாதை இருக்கிறது. போகும்போது இறக்கம். வரும்போது ஏற்றம். அந்த ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.

சாலையோரக் கடைக்காரர் ஒருவர் வழி சொன்னார். "எஞ்சின் கம்ப்யூட்டரில் ஒரு சிப் மாட்டினால் போதும். சக்தி 20 சதவீதம் கூடும். 25,000 ரூபாய்தான். சைலன்சரையும் மாற்றினால் இன்னும் பறக்கும்."

மனைவியின் கம்மலை அடகு வைக்கலாம் என்று ஓட்டுநர் நினைத்தார். மனைவி எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். கடைக்காரர் கொடுத்த சீட்டை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"ஏங்க, 'பொருத்திய பின் எஞ்சினில் வரும் பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று போட்டிருக்கே! கம்மலைத் தர நான் மாட்டேன்னு சொல்லல. முதல்ல நம்ம மெக்கானிக் அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

ஓட்டுநர் போனார். மெக்கானிக் வயதில் பெரியவர். அவர் முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"தம்பி, வண்டி புதுசா இருந்தப்போ அந்த ஏத்தத்துல ஏறிச்சா?"

"நல்லா ஏறிச்சுண்ணா. மூணாவது கியர்லயே ஏறும்."

"இப்போ?"

"ரெண்டாவது போட்டாலும் திணறுது. கரும்புகை வேற வருது."

"அப்போ எஞ்சின்ல குறை இல்ல. இருந்த சக்தி எங்கேயோ போயிட்டு இருக்கு. போனதைக் கண்டுபிடிப்போம். புதுசா வாங்கறதை அப்புறம் பேசலாம்."

எஞ்சின் எப்படி இழுக்கிறது?

அடுப்பு எரிய விறகு வேண்டும், காற்றும் வேண்டும். எஞ்சினுக்கும் அப்படித்தான். டீசலும் காற்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர வேண்டும். அப்போது டீசல் முழுதாக எரியும். வண்டி இழுக்கும்.

இன்றைய டீசல் பிக்கப் வண்டிகளில் டர்போ இருக்கிறது. எஞ்சினிலிருந்து வெளியே போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றும். அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம்.

காற்று குறைந்தால் டீசல் பாதி எரிந்து கரும்புகையாகப் போகும். அந்தப் புகை, காசு கொடுத்து வாங்கிய டீசல்தான்.

போன சக்தியைத் தேடும் வழி

மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார். செலவு குறைந்ததை முதலில் பார்த்தார்.

1. டயர் காற்று. காற்று குறைந்த டயர் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். டயர் சூடாகும், வெடிக்கவும் கூடும்.

2. ஏர் ஃபில்டர். தூசி அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

3. டீசல் ஃபில்டர். இது அடைத்தால் ஏற்றத்தில் வேண்டிய டீசல் கிடைக்காது. ஃபில்டரில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது வடிக்க வேண்டும்.

4. டர்போ ஹோஸ். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் அழுத்திய காற்று வெளியே போய்விடும். 'உஸ்' என்ற சத்தம் வரும். கரும்புகையும் வரும்.

5. பிரேக். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். ஒரு டிரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கையை டிரம்மின் மேல் வைக்கக் கூடாது. அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும்.

6. கிளட்ச். எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். அப்படியானால் கிளட்ச் வழுக்குகிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், டர்போ போன்ற செலவு மிகுந்த பாகங்களைச் சோதிக்க வேண்டும்.

புகையின் நிறமும் செய்தி சொல்லும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது.

இந்த வண்டியில் மூன்று குறைகள் இருந்தன. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது. டர்போ ஹோஸில் வெடிப்பு இருந்தது. பின்சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்த ஹோஸோட சிப்பையும் மாட்டியிருந்தா என்ன ஆகும் தெரியுமா?" என்று மெக்கானிக் கேட்டார். "சிப்பு சக்தியை உண்டாக்காது தம்பி. 'டீசலை அதிகமா விடு'ன்னு சொல்லும், அவ்வளவுதான். இங்க காத்தே போதல. புகைதான் கூடும். எஞ்சின் சூடும் கூடும்."

பாரக் கணக்கு

குறைகளைச் சரி செய்த பிறகு வண்டி நன்றாக இழுத்தது. ஆனாலும் மலைப்பாதையில் பழைய வேகம் முழுதாக வரவில்லை. மெக்கானிக் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று சரக்கோடு இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை.

இந்த வண்டிக்கு மொத்த எடை 3,000 கிலோ. வெறும் வண்டி 1,700 கிலோ. மீதி 1,300 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்து 140 கிலோ. அதைக் கழித்தால் சரக்குக்கு 1,160 கிலோ.

ஓர் அரிசி மூட்டை 25 கிலோ. அப்படியானால் 46 மூட்டை ஏற்றலாம். அவர் ஏற்றியது 75 மூட்டை, அதாவது 1,875 கிலோ. ஆள்களையும் சேர்த்து வண்டியின் மொத்த எடை 3,715 கிலோ. அனுமதித்ததைவிட 715 கிலோ அதிகம். ஏறக்குறைய கால் பங்கு அதிகம்.

சிப் கடைக்காரர் கூட்டுவதாகச் சொன்னது 20 சதவீதம். ஓட்டுநர் கூடுதலாக ஏற்றியது ஏறக்குறைய 24 சதவீதம். கூடுதல் மூட்டைகளை இறக்கினால் செலவில்லாமலே வண்டி மேட்டில் ஏறும்.

ஆனால் மூட்டையைக் குறைத்தால் வாடகை குறையுமே! உண்மைதான். 29 மூட்டை குறையும். மூட்டைக்கு 30 ரூபாய் வாடகை என்றால் ஒரு நடைக்கு 870 ரூபாய் குறையும். ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒருமுறை பிடிபட்டால் 23 நடையில் கிடைத்த கூடுதல் வாடகை போய்விடும். டயர், கிளட்ச், பட்டை ஸ்பிரிங் ஆகியவற்றின் தேய்மானம் தனிக்கணக்கு.

சக்தி கூடினால் பிரேக்கும் கூடுமா?

கூடாது. இதை மறந்துவிடக் கூடாது.

வண்டியைச் செய்தவர்கள் எஞ்சினை மட்டும் தனியாகச் செய்யவில்லை. அந்த எஞ்சினின் சக்திக்கு ஏற்ற கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் வைத்தார்கள். அனுமதித்த பாரத்துக்கு ஏற்ற பிரேக் வைத்தார்கள். எஞ்சினின் சக்தியை மட்டும் கூட்டினால் மற்ற பாகங்கள் பழையபடியே இருக்கும்.

ஏற்றத்தில் இழுக்கிறது என்ற தைரியத்தில் பாரம் கூடும். அதே பாரத்தோடு இறக்கத்திலும் போக வேண்டும். அங்கே உயிரைக் காப்பது பிரேக். நெடுந்தூரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது.

அதனால் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடக் கூடாது. எஞ்சினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக் மிதி கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங்கும் உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. கம்பெனி குறித்த விவரத்துக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அனுமதியில்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. மாட்டிக் கொடுத்தவர் கடையில் இருப்பார். சாலையில் பதில் சொல்ல வேண்டியவர் சொந்தக்காரர்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 புகை விதி நடப்பில் இருக்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் வண்டியிலேயே இருக்கின்றன. "அதைக் கழற்றினால் வண்டி பறக்கும்" என்று சிலர் சொல்வார்கள். கழற்றினால் அந்தப் புகை பள்ளிப் பிள்ளைகளின் மூச்சில் கலக்கும். புகைச் சோதனையில் வண்டி தவறலாம். கம்பெனி வாரண்டி போகலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் பெறுவதிலும் தகராறு வரலாம்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலில், சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன காலத்தில் ஃபில்டர்களையும் ஆயிலையும் மாற்றலாம். கம்பெனி சொன்ன தரத்து ஆயிலையே ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, தேய்ந்த டயர், கிளட்ச், ஹோஸ் ஆகியவற்றுக்கு நல்ல பாகம் போடலாம். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். ரசீது வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் மட்டும் கேட்கலாம். எஞ்சினையே மாற்றுவது, சி.என்.ஜி. கருவி பொருத்துவது போன்றவற்றுக்கு முன்னதாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

நான்காவது, தினமும் அதிக பாரம்தான் கிடைக்கிறது என்றால் அந்த வேலைக்கு இந்த வண்டி சிறியது. இரண்டு நடை போகலாம். அல்லது அடுத்த வண்டி வாங்கும்போது அதிக எடை அனுமதியுள்ள வண்டியாகப் பார்க்கலாம். அத்தகைய வண்டியில் எஞ்சினும் பிரேக்கும் அந்தப் பாரத்துக்காகவே செய்யப்பட்டிருக்கும்.

கணக்குப் போடுவோம்

1. ஒரு வண்டியின் மொத்த எடை 2,800 கிலோ. வெறும் வண்டி 1,600 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் 150 கிலோ. 50 கிலோ சிமெண்டு மூட்டை எத்தனை ஏற்றலாம்?

2. உங்கள் ஊர் வண்டி ஒன்றின் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். இரண்டு எடைகளையும் எழுதுங்கள். எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று கணக்கிடுங்கள்.

கலந்து பேசுவோம்

1. கரும்புகை வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஏன்?

2. சீட்டின் கடைசி வரியை மனைவி படிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

3. "எல்லோரும்தான் அதிகம் ஏற்றுகிறார்கள். நான் மட்டும் குறைத்தால் வியாபாரி வேறு வண்டி பார்ப்பார்" என்று ஓர் ஓட்டுநர் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து பேசி என்ன செய்யலாம்?